லுத்தரன் சகோதரர் கொண்டாடும் உயிர்ப்புப் பண்டிகை

(பங்கின் ஜூபிலி விழா மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஜூபிலி மேடையில் சொந்தப் பங்கின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். கோயில் எழும்பிய கதையையும், கண்மாய் காய்ந்து கிடந்த வருடங்களில்கூடத் திருவிழா வரியைக் குறைக்காமல் கொடுத்த பெரியவர்களின் கதையையும் எங்களுக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுத்த தலைப்போ வேறு. லுத்தரன் சபையார் லெந்து நாட்களையும் உயிர்ப்புப் பண்டிகையையும் எப்படி அனுசரிக்கிறார்கள் என்று சொல்லவேண்டும். இதற்கு எங்கள் வீட்டாரைப் பங்குத்தந்தை பிடித்தது ஏன் என்பது இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். இளைஞர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, 1958-ல் மதுரையில் ஒரு லுத்தரன் வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டார். திருமணம் அவர்கள் ஆலயத்தில், அவர்கள் ஐயர் முன்னிலையில் நடந்தது. அப்படிச் செய்பவர் திருச்சபைக்குப் புறம்பாவார் என்பது 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். அன்றோடு அத்தை பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோயிற்று. 1983-ல் தந்தி வந்தது. கோடி எடுத்துக்கொண்டு புறப்படவேண்டிய அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. உடன்பிறந்தான் கோடி போடாமல் ஒரு பெண்ணை எடுப்பது நரிக்குடிப் பக்கம் எவ்வளவு பெரிய குறை என்று உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அப்பா மட்டுமா? வளர்ந்த பிள்ளைகளாக இருந்த நாங்களும் போகவில்லை.

இதில் எங்களை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. அந்தச் சபைநீக்கத் தண்டனையை ரோமாபுரி 1966-லேயே எடுத்துவிட்டது. முன்பு அப்படி மணந்தவர்களுக்கும் சேர்த்தே எடுத்துவிட்டது. திருச்சபை நீக்கிய தண்டனையை 17 வருடம் நீட்டி, அத்தை இறந்த பின்பும் தொடர்ந்து நடத்தியவர்கள் நாங்கள்தான். சட்டம் மாறியதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. நாங்கள் யாரையும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

சரி, லுத்தரன் சபையார் யார்? நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் 'வேதக்காரர்களில் மற்றவர்கள்' என்றால் பெரும்பாலும் அமெரிக்க மதுரை மிஷன் வழிவந்து, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தவர்களைத்தான் நாம் அறிவோம். லுத்தரன்கள் வேறு. அவர்கள் வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர் 1706 ஜூலை 9-ந் தேதி அங்கே கரையிறங்கினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் வழியில் நாங்கள் தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்தில் இறங்கிப் பார்த்தோம். 1718-ல் பிரதிஷ்டை செய்த அந்த ஆலயத்துக்குள்ளேயே சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார். இறந்தபோது அவருக்கு வயது 36. அந்தத் தரங்கம்பாடி மிஷனின் வழியில், 1919-ல் உருவானதே தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. 1956-ல் ராஜா பி. மாணிக்கம் அவர்களுடைய முதல் தமிழ்ப் பேராயர் ஆனார்.

நம்மவர்களுக்கும் அவர்களுக்கும் ஆரம்பம் முதலே சண்டைதான். நம் வீரமாமுனிவர் 'லூத்தரினத்தியல்பு' என்று ஒரு நூலே எழுதி அவர்களைச் சாடினார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆனால் இந்தச் சண்டைக்குள்ளேயே ஒரு வேடிக்கை. தமிழில் வேதம் பேச சீகன்பால்குக்குக் கைகொடுத்தவை முன்னரே நம் சேசுசபைக் குருக்கள் எழுதிவைத்த தமிழ்ப் புத்தகங்கள். சர்வேசுரன் என்ற சொல்லையும் அவர் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும், இரண்டு வீட்டுச் சாமானிலும் தாத்தா பெயர்தானே வெட்டியிருக்கும்?

இனி அவர்கள் லெந்து நாட்களுக்கு வருவோம். நாம் தவக்காலம் என்பதை அவர்கள் லெந்து என்கிறார்கள். சிலுவைப் பாதை அவர்கள் வழக்கமல்ல. சுரூபங்களுக்குத் துணி மூடுவதும் இல்லை. அதற்குப் பதிலாக வாசிப்பும் பாட்டும் உண்டு. லூத்தரின் தோழர் பூகன்ஹாகன் நான்கு சுவிசேஷங்களையும் இணைத்து ஆண்டவருடைய பாடுகளை ஒரே வரலாறாகத் தொகுத்தார். அதைப் பகுதி பகுதியாக லெந்து நாட்களில் படிப்பது லுத்தரன் சபைகளின் பழைய வழக்கம். எங்கள் அத்தை வீட்டில் லெந்து மாலைகளில் தெருக்காரர்கள் கூடி, பாய் விரித்து, ஆர்மோனியத்தோடு பாடுகளின் கீர்த்தனைகளைப் பாடுவார்களாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாட்டுகளில் அத்தைக்கு உயிர். அந்தச் சாஸ்திரியாரின் தந்தையே கத்தோலிக்கராயிருந்து அந்தச் சபைக்குப் போனவர் என்பதை அத்தை அடிக்கடி சொல்வாராம். எதற்காகச் சொல்வார் என்று எங்களுக்குப் புரிகிறது.

பெரிய வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பண்டிகைகளிலெல்லாம் கனமான நாள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஆலயத்தில் உட்கார்ந்தால் மூன்று மணிவரை எழுந்திருப்பதில்லை. சிலுவையில் ஆண்டவர் பேசிய ஏழு வாக்கியங்களையும் ஏழு பேர் பிரித்துப் பேசுவார்கள். ஐயர் மட்டுமல்ல, ஆசிரியர், தாய்மார், வாலிபர் என்று சபையாரே பேசுவதுண்டு. நம் கோயிலில் பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் வெளியே வேப்பமரத்தடியில் கூட்டம் கூடிவிடுகிறது. அங்கே ஏழு பிரசங்கம்! ஆனால் இந்த மும்மணி ஆராதனை முதலில் யாருடையது தெரியுமா? 17-ம் நூற்றாண்டின் கடைசியில் பெரு நாட்டு லீமா நகரில் அலோன்சோ மெசியா என்ற சேசுசபைக் குரு தொடங்கிவைத்த பக்தி முயற்சி அது. நம் வீட்டிலிருந்து போன விதை அவர்கள் தோட்டத்தில் நன்றாகக் காய்த்திருக்கிறது.

பாட்டிலும் அப்படித்தான். உயிர்ப்பு ஞாயிறு பூசையில் நாம் பாடும் பழைய லத்தீன் தொடர்பாடலை ஆதாரமாக வைத்துத்தான் லூத்தர் 1524-ல் தம் உயிர்ப்புப் பண்டிகைப் பாடலை இயற்றினார்.

இப்போது விடியற்கால ஆராதனைக்கு வருகிறோம். இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

2016 அக்டோபர் 31-ந் தேதி, சுவீடன் நாட்டு லுண்ட் நகரில், பாப்பரசர் பிரான்சிஸ் லுத்தரன் தலைவர்களோடு சேர்ந்து நின்று செபித்தார். அதற்கு முன்பே, 1999-ல், மனிதன் கடவுளுக்கு ஏற்புடையவனாவது எப்படி என்ற பெரிய தகராறில் இரு சபைகளும் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. அதெல்லாம் எங்களுக்கு எட்டாத உயரம். ஆனால் லுண்ட் நகரத்துப் படத்தைப் பத்திரிகையில் பார்த்த எங்கள் அண்ணன், "பாப்பரசரே போய்விட்டார், நாம் மதுரைக்குப் போகக்கூடாதா?" என்று கேட்டார். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அத்தை மகனுக்குக் கடிதம் எழுதினோம். "ஈஸ்டர் அன்று விடியுமுன் வாருங்கள், அம்மாவை அன்றுதான் பார்ப்போம்" என்று பதில் வந்தது.

2017, ஏப்ரல் 16. இங்கே பாஸ்கு திருவிழிப்புப் பூசை முடிந்து, ஒரு வேனில் ஒன்பது பேர் புறப்பட்டோம். நம் தாத்தாக்கள் காலத்தில் இந்தப் பூசை சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடும். 1951-ல் பன்னிரண்டாம் பத்திநாதர்தான் அதை மறுபடி இரவுக்குக் கொண்டுவந்தார். அன்று அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. பூசையில் பிடித்திருந்த மெழுகுதிரிகள் பாதி எரிந்தபடி எங்கள் கையிலேயே இருந்தன.

நான்கு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் இறங்கினோம். நாங்கள் நினைத்தது இருட்டும் மௌனமும். கண்டது திருவிழா. முந்தின நாளே புல் செதுக்கி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லறைமேலும் சம்பங்கியும் செவ்வந்தியும், தலைமாட்டில் மெழுகுதிரியும். வெள்ளைச் சேலையும் வெள்ளை வேட்டியுமாகக் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். தூங்கி வழிந்த குழந்தைகளைத் தாத்தா கல்லறைமேலேயே உட்காரவைத்திருந்தார்கள். ஐயர் வந்து, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று உரக்கச் சொன்னதும், "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று அத்தனை பேரும் திருப்பிச் சொன்னார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பதினைந்தாம் அதிகாரத்தை வாசித்தார். பிறகு கீர்த்தனை. கிழக்கு வெளுக்கும்வரை பாடினார்கள்.

இந்த வழக்கத்துக்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1732-ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவிய வாலிபர் சிலர் உயிர்ப்புப் பண்டிகை விடியலில் தங்கள் இடுகாட்டில் கூடிப் பாடினார்கள். அந்த மொராவியரும் 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ சீர்திருத்த சபைகளில் இந்த விடியல் ஆராதனை உண்டு.

ஒரு வித்தியாசத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நாம் நவம்பர் 2-ல் கல்லறைக்குப் போவது மரித்தவர்களுக்காக வேண்டிக்கொள்ள. அவர்கள் உயிர்ப்பு நாளில் போவது மரித்தவர்களுக்காக நன்றி சொல்ல. உத்தரிக்கிற ஸ்தலம் என்பதை அவர்கள் ஏற்பதில்லை. ஆகவே ஆத்தும பூசை கிடையாது. ஆனாலும் மரித்தோருக்காகச் செபிப்பதைத் தாங்கள் தடைசெய்யவில்லை என்று 1531-லேயே லூத்தரின் நண்பர் மெலாங்க்தன் எழுதிவைத்திருக்கிறார். அத்தை கல்லறையில் நாங்கள் முழங்காலிட்டு 'நித்திய இளைப்பாற்றியை' என்று தொடங்கியபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. அத்தை மகன் தலை கவிழ்ந்து நின்றார். நாங்கள் முடித்ததும் ஆமென் சொன்னார்.

அதற்குப் பிறகு பவனியாக ஆலயத்துக்குப் போனோம். அங்கே நற்கருணை ஆராதனை. எங்களால் அந்தப் பந்தியில் கலந்துகொள்ள முடியாது; நம் சபை ஒழுங்கு அப்படி. அவர்கள் எழுந்து பீடத்தண்டை போனபோது நாங்கள் ஒன்பது பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரே இரத்தம், ஒரே ஆண்டவர், ஆனால் பந்தி வேறு. அந்த வேதனையை இல்லையென்று சொல்லி இந்த மேடையில் இனிப்பாகப் பேச எங்களுக்கு மனமில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் காப்பியும் பன்னும் கொடுத்தார்கள். அந்தப் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்தோம்.

இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கல்லறையில் அத்தையின் தலைமாட்டில் மூன்று மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. மற்றக் கல்லறைகளில் குடும்பத்துக்கு ஒன்றுதான். ஏன் மூன்று என்று கேட்டோம். மதனி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒன்று எங்கள் வீட்டுக்கு. ஒன்று மாமாவுக்கு. இது நரிக்குடி மெழுகுதிரி. அம்மா போன வருடத்திலிருந்து வைக்கிறோம். பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே."

34 வருடம். எங்கள் அண்ணன் பேசாமல் வேனுக்குப் போய், கொண்டுபோயிருந்த கோடிச் சேலையை எடுத்துவந்து கல்லறைமேல் விரித்தார். அப்புறம் ஒன்பது பேரும் நம் கோயில் மெழுகுதிரிகளை அந்த நரிக்குடி மெழுகுதிரியில் பற்றவைத்து வைத்தோம்.

அன்று முதல், கொரோனாக் காலம் நீங்கலாக, ஆண்டுதோறும் போய்வருகிறோம். பங்குத்தந்தையின் அனுமதியோடு ஒரு விண்ணப்பம்: அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்காள் தங்கை எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல என்று தெரியும். வருகிற பாஸ்கு இரவுப் பூசை முடிந்ததும் வேன் கோயில் வாசலிலேயே நிற்கும். இடம் வேண்டுபவர்கள் குருத்தோலை ஞாயிறுக்குள் கோயில்பிள்ளையிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். மெழுகுதிரியை அணைத்துவிடாமல், காற்றுப்படாமல் கொண்டுபோக ஒரு தகர டப்பாவும் எடுத்துவாருங்கள்.