பம்பைக் கழற்றும் முன் பாட்டிலைப் பாருங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



இன்னைக்கு நான் பேசப்போறது டீசலைப் பத்தி. சிரிக்காதீங்க. ஆட்டுக்கு, மாட்டுக்குன்னு மட்டும் கடன் வாங்கின காலம் போய், இப்போ நம்ம குழுக்கள்ல பழைய டிராக்டர், ஆயில் இன்ஜின், பவர் டில்லர் வாங்குற உறுப்பினர்களும் வந்துட்டாங்க. ஆடு சுணங்கிக் கிடந்தா நாம சும்மா இருக்க மாட்டோம். கண்ணைப் பார்ப்போம், காதைத் தொட்டுப் பார்ப்போம், புழுக்கையைப் பார்ப்போம். அதுக்கப்புறம்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போவோம். வண்டி சுணங்கினா மட்டும் ஏன் ஒண்ணையும் பார்க்காம கையில காசோட நிக்கணும்? நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான்.

எங்க ஊர் ஆலங்குடிப் பக்கம். செம்மண் பூமி, கடலை விவசாயம். எங்க குழுவில நானும் இன்னொரு அக்காவும் சேர்ந்து ஒரு பழைய டிராக்டர் வாங்கினோம். விலை 2,60,000 ரூபாய். குழுக்கடன் போக மீதிக்கு ரெண்டு வீட்டு நகையும் அடகுக்குப் போச்சு. வண்டி ஓட்டுறது எங்க வீட்டுக்காரர். டீசல் வாங்கி வர்றதும் கணக்கு எழுதுறதும் நான்.

ஆடியில ஒரு மழை பெஞ்சா செம்மண்ணுல ஈரம் நிக்கிறது நாலஞ்சு நாள்தான். அதுக்குள்ள உழுது விதைச்சாகணும். அந்த நேரம் பார்த்து வண்டி வேலையைக் காட்டுச்சு. காலையில நல்லா ஸ்டார்ட் ஆகும். ஒன்பது கொத்துக் கலப்பையை இறக்கினா அரை மணி நேரம் ஓடும். அப்புறம் இழுவை குறையும், திணறும், வெள்ளையாப் புகை தள்ளும், நின்னுடும். பத்து நிமிஷம் விட்டா திரும்பவும் ஓடும். திரும்பவும் நிக்கும்.

ஒரு மெக்கானிக் அண்ணன் வந்து சத்தத்தைக் கேட்டுட்டு, "பம்ப் போயிருச்சும்மா, நாசிலும் பார்க்கணும், 28,000 ஆகும்"னு சொன்னார். அதைவிடப் பெரிய வலி இன்னொண்ணு. டீசல்ல நான் மண்ணெண்ணெய் கலந்து ஊத்தி, மிச்சக் காசை எடுத்துக்கிட்டேன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு கிளம்புச்சு. அந்த அக்கா வாய்விட்டு ஒண்ணும் சொல்லல. ஆனா வாரக் கூட்டத்துல என் முகத்தைப் பார்க்கல. அது எனக்கு 28,000 ரூபாயை விடப் பெருசாத் தெரிஞ்சுது. வண்டி நின்னா வாடகை நிக்கும், வாடகை நின்னா தவணை நிக்கும். ஒரு வீட்டுத் தவணை நின்னா குழுவுல அத்தனை பேருக்கும் அடுத்த கடன் தள்ளிப்போகும். இது உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி.

எங்க அம்மா 1991, 92ல அறிவொளி இயக்கத்துல சைக்கிள் கத்துக்கிட்டவங்க. ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரா இருந்த அந்தக் காலத்துல நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினாங்க. டயர்ல காத்து இறங்கினா அம்மா உடனே புது ட்யூப் வாங்க மாட்டாங்க. ட்யூபைத் தண்ணியில அமுக்கி எங்க குமிழி வருதுன்னு பார்ப்பாங்க. ஓட்டை எங்கேன்னு தெரியாம ஒட்டுப் போட முடியாதுன்னு சொல்லுவாங்க. டிராக்டருக்கும் அதே வழிதான்.

டீசல் எப்படிக் கெடுதுன்னு முதல்ல சொல்லிடுறேன். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ எடை. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம்தான். அதனால டேங்குக்குள்ள தண்ணி போனா அது அடியில போய் உட்காரும். தண்ணி எப்படிப் போகும்? மூடி ரப்பர் வெடிச்சிருந்தா மழைத் தண்ணி இறங்கும். திறந்த கேன்ல இருந்து வரும். பாதி டேங்க் காலியா வண்டி மாசக்கணக்கில நின்னா, ராத்திரிக் குளிர்ல டேங்குக்குள்ள இருக்கிற காத்துல உள்ள ஈரமே வேர்த்து இறங்கும். சோத்துப் பானை மூடியில தண்ணி கோர்க்கிறது மாதிரிதான்.

தண்ணி நின்னா அதோட முடியாது. தண்ணியும் டீசலும் சேருற இடத்துல கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் கிருமியும் வளரும். டீசலே அதுகளுக்குத் தீனி, தண்ணி இருந்தாப் போதும். வளர்ந்து வழவழன்னு பழுப்புப் பாசி மாதிரி ஆயிடும். விமானத்தோட எரிபொருள் டேங்குலயும் இந்தத் தொல்லை உண்டு. இந்தப் பாசிதான் வண்டி ஓடும்போது டேங்க் வாயில போய் அடைக்கும். வண்டி நின்னதும் இழுப்பு இல்லாததால விலகி அடியில விழும். அதனாலதான் பத்து நிமிஷம் விட்டா திரும்ப ஓடுது.

இப்போ பார்க்கிற முறையைச் சொல்றேன். நோட்டுல எழுதிக்குங்க.

முதல்ல டேங்க் மூடி. வண்டி திணறி நின்ன உடனே மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து இழுத்து, அப்புறம் வண்டி நல்லா ஓடுச்சுன்னா மூடியில இருக்கிற சின்னக் காத்து ஓட்டை அடைச்சிருக்கு. ஒரு குண்டூசி வேலை, அவ்வளவுதான். மூடியோட ரப்பரையும் அப்பவே பாருங்க.

ரெண்டாவது புகை. கன்னங்கரேல்னு புகை வந்தா டீசலைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ஏர் பில்டரைப் பாருங்க. வெள்ளைப் புகையோட தட்டுற சத்தமும் வந்தா தண்ணியா இருக்கலாம்.

மூணாவது பாட்டில். இதுதான் முக்கியம். வண்டியை ராத்திரி முழுக்க அசைக்காம விடுங்க. விடியக்காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, டேங்க் அடியில இருக்கிற திருகைத் தளர்த்தி, கால் லிட்டர் டீசலைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டில்ல பிடிங்க. மேலே இருந்து எடுத்தா ஒண்ணும் தெரியாது, கசடு முழுக்க அடியிலதான் கிடக்கும். பாட்டிலை அரை மணி நேரம் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. நல்ல டீசல் தெளிஞ்சு நிக்கும். அடியில தனியாக் கோடு கட்டி நின்னா தண்ணி. நடுவுல பழுப்பு ஏடு இருந்தா பாசி. தெளியாம மங்கலாவே இருந்தாலும் தண்ணி கலந்திருக்குன்னு சந்தேகப்படணும்.

நாலாவது ஓட்டம். டேங்க் உயரத்துல இருக்கிற வண்டின்னா, பில்டருக்கு வர்ற பைப்பைத் தளர்த்தினா டீசல் தாராளமா ஊத்தணும். நூல் மாதிரி வந்தா டேங்க் வாயிலோ பைப்பிலோ அடைப்பு.

நான் ஒரு பாட்டிலோட நிறுத்தல. மூணு பாட்டில் வச்சேன். ஒண்ணு பங்க்குல பிடிச்ச டீசல், ஒண்ணு எங்க வீட்டு கேன்ல இருந்தது, ஒண்ணு டேங்க் அடியில பிடிச்சது. மூணையும் திண்ணையில வரிசையா வச்சுட்டு அந்த அக்காவைக் கூப்பிட்டேன். பங்க் பாட்டில் தெளிவு. கேன் பாட்டில் தெளிவு. டேங்க் பாட்டில்ல ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி, அதுக்கு மேல பழங்கஞ்சி ஆடை மாதிரி பழுப்பு. அக்கா பாட்டிலைக் கையில எடுத்து வெயில்ல தூக்கிப் பார்த்தாங்க. "இது நாம வாங்குறதுக்கு முன்னாடியே கிடந்த அழுக்குடி"ன்னாங்க. முன்னாடி வச்சிருந்தவர் மழைக்காலம் முழுக்க வண்டியை மரத்தடியில நிறுத்தியிருந்தார்னு அப்புறம் விசாரிச்சப்போ தெரிஞ்சுது.

அதே மெக்கானிக் அண்ணனும் பாட்டிலைப் பார்த்துட்டு, பம்பைக் கழட்ட வேண்டாம்னுட்டார். டேங்கை முழுசா வடிச்சு, நல்ல டீசல் ஊத்தி ரெண்டு தரம் கழுவினோம். டேங்க் வாய்ச் சல்லடையைச் சுத்தம் பண்ணி, ரெண்டு பில்டரையும் மாத்தி, மூடிக்குப் புது ரப்பர் போட்டு, பைப்ல ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணினோம். கூலியோட 2,400 ரூபாய். ஈரம் காயறதுக்குள்ள ரெண்டு வீட்டு வயலும் விதைச்சாச்சு.

ஒண்ணை மறைக்காமச் சொல்லணும். தண்ணியோட ரொம்ப நாள் ஓட்டியிருந்தா பம்பும் நாசிலும் நிஜமாவே துருப்பிடிச்சுத் தேஞ்சு போகும். அப்போ மெக்கானிக் சொல்ற செலவைச் செஞ்சுதான் ஆகணும். ஆனா அப்பவும் டேங்கைக் கழுவாம புதுப் பம்பு போட்டா அந்தப் பம்பும் போகும்.

மண்ணெண்ணெய் விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பாட்டில் அதைக் காட்டாது. மண்ணெண்ணெயும் டீசலும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், பிரிஞ்சு நிக்காது. அதுல வழவழப்பு குறைவு, பம்பைத் தேய்ச்சுடும். அதுக்குத்தான் பங்க்குல அடர்த்தி பார்க்கிற கருவி வச்சிருக்காங்க. 'டென்சிட்டி காட்டுங்க'ன்னு வாடிக்கையாளர் யாரும் கேட்கலாம். 5 லிட்டர் அளவுப் பாத்திரத்துல அளந்து காட்டச் சொல்லியும் கேட்கலாம். சந்தேகம் தீரலைன்னா அங்கேயே புகார்ப் புத்தகம் உண்டு, மாவட்ட வழங்கல் அலுவலர்கிட்டயும் மனு கொடுக்கலாம். கேட்கக் கூச்சப்படாதீங்க. 2005ல உத்தரப் பிரதேசத்துல லக்கிம்பூர் கேரியில, கலப்பட எரிபொருள் வித்த பங்க்குக்கு எதிரா நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகத்தைச் சுட்டே கொன்னாங்க. ஒருத்தர் உயிரைக் கொடுத்த விஷயத்துல நாம ஒரு கேள்வியாவது கேட்கணும்.

கேனையும் சொல்லணும். 2018 நவம்பர் 16ல கஜா புயல் அடிச்சப்போ நம்ம பக்கம் வாரக்கணக்கில கரண்ட் இல்ல. குடிதண்ணி ஏத்தக்கூட ஜெனரேட்டர்தான். அப்போ டீசல் வாங்கி வச்ச கேன்களைப் பல வீட்டுல இன்னும் வச்சிருக்கோம். தண்ணி, மருந்து, எண்ணெய்னு எல்லாத்துக்கும் புழங்கின கேன்ல டீசல் வாங்காதீங்க. டீசலுக்குன்னு தனிக் கேன், தனிப் புனல் வையுங்க. துணியில வடிகட்டினா தூசி நிக்கும், தண்ணி நிக்காது. வேலை முடிஞ்சு சாயங்காலமே டேங்கை நிரப்பி வச்சா உள்ள காத்து குறையும், வேர்வையும் குறையும்.

ஜாக்கிரதையும் வேணும். பாட்டில் பிடிக்கும்போது பக்கத்துல அடுப்பு, பீடி கூடாது. டியூபை வாயால உறிஞ்சாதீங்க. டீசல் நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. தப்பித் தவறி விழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. வண்டி ஓடும்போது நாசில் பைப் பக்கம் கை வைக்காதீங்க, அதுல பீச்சுற டீசல் தோலைத் துளைச்சிடும். வடிச்ச அழுக்கு டீசலை வாய்க்கால்லயோ கிணத்தடியிலயோ ஊத்தாதீங்க.

டீசல்னா நமக்குச் சம்பந்தமில்லாத சாமான்னு நினைக்க வேண்டாம். அது ருடால்ப் டீசல்ங்கிற ஜெர்மன்காரரோட பேரு. 1900ல பாரிஸ் கண்காட்சியில அந்த இன்ஜின் ஒண்ணைக் கடலை எண்ணெயிலயே ஓட்டிக் காட்டினாங்க. நம்ம கடலைதான். அதுக்காக வீட்டு எண்ணெயைத் தூக்கி ஊத்திடாதீங்க, வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டுவார்.

கடைசியா கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை. பழைய வண்டிக்குக் கடன் கேட்டா, முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி டேங்க் அடி டீசலைப் பாட்டில்ல பிடிச்சு ரெண்டு உறுப்பினர் பார்க்கணும்னு தீர்மானம் போடுங்க. வண்டி வச்சிருக்கிற ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் போட்டு, தேதி, எத்தனை லிட்டர், எந்த பங்க், பில்டர் மாத்தின நாள்னு எழுதட்டும். எழுத்து இருந்தா சந்தேகத்துக்கு இடமில்ல. மூணாவது, ரெண்டு பேர் சேர்ந்து வாங்கின சாமான்ல பழுது வந்தா, பழியைப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து பாட்டிலைப் பார்க்கணும். பம்பை எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம். குழுவுல ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருக்கிற நம்பிக்கைக்கு உதிரிப் பாகம் கிடைக்காது.