இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சை: நோயாளியும் இல்லத்தாரும் ஜமாஅத்தும் அறிய வேண்டியவை

(நமது பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்குப் பின் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம்.



சென்ற ஆண்டு நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். வயது அறுபத்தொன்று. இரண்டு ஆண்டுகளாக நொண்டி நொண்டித்தான் பள்ளிக்கு வருவார். “ஹஜ்ரத்! இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். மாற்றிக்கொண்டால் இனிமேல் தரையில் சஜ்தா செய்ய முடியாதாமே? நெற்றி தரையில் படாத வாழ்வு எனக்கு வேண்டாம். வலியோடேயே இருந்துவிட்டுப் போகிறேன்” என்று கண் கலங்கினார். அவருக்கு அன்று நாம் கூறிய பதிலையே இன்று உங்கள் அனைவர் முன்பும் விரிவாக வைக்க விரும்புகிறோம். ஏனெனில் இந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அன்று.

முதலில் நமது தவறு ஒன்றை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில் நம்மைப் பெற்ற தாயார் உளூச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்தார்கள். கால் அசைக்க இயலவில்லை. அக்கம் பக்கத்தார் கூறியபடி எலும்புக் கட்டு கட்டுபவர் ஒருவரை அழைத்துக் கட்டுப் போட்டோம். பதினோரு நாட்கள் அவர்களைப் படுக்கையிலேயே வைத்திருந்தோம். முதுகில் புண் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. “முதல் இரண்டு நாட்களுக்குள் வந்திருந்தால் இவ்வளவு துன்பம் இல்லை” என்றார் மருத்துவர். கிதாபு ஓதிய நாம், உடல் அல்லாஹ் தந்த அமானிதம் என்று மிம்பரில் பேசிய நாம், நம் இல்லத்தில் அந்த அமானிதத்தைப் பேணத் தவறினோம். நம் தாயார் பின்னர் வாக்கர் பிடித்து நடந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அந்தப் பதினோரு நாட்கள் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. வீட்டில் முதியவர் ஒருவர் விழுந்து, எழ இயலாமல், கால் குறுகி வெளிப்புறம் திரும்பியிருந்தால், கட்டுப் போட்டுக் காத்திராதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்தில் பந்து அமைந்தது போன்றது. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழியில் சுழல்கிறது. வயதினால் மூட்டு தேய்வதும் உண்டு. விழுந்து முறிவதும் உண்டு. நம் நாட்டில் நடுவயதினரிடமும் காணப்படும் மற்றொரு காரணம், அந்த எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது உள்ளுக்குள்ளேயே சிதைந்து போவதாகும். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்பதும் மதுப்பழக்கமும் இதற்கு முக்கியக் காரணங்கள். நாம் கூறிய பெரியவர் மதுவைத் தொட்டவர் அல்லர். ஆனால் மூச்சிரைப்புக்காகப் பெயரில்லாத பொடி ஒன்றைப் பல ஆண்டுகள் வாங்கி உண்டவர். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் கருதினார். உடனே நிவாரணம் தருகிறது என்பதற்காக, இன்னதென்று தெரியாத மருந்தை உண்ணாதீர்கள்.

இச்சிகிச்சையில், பழுதுபட்ட எலும்புத் தலையை நீக்கி, உலோகத் தண்டின் மேல் அமைந்த செயற்கைத் தலையைப் பொருத்துகின்றனர். குழியில் புதிய கிண்ணம் வைக்கின்றனர். இன்று உலகெங்கும் செய்யப்படும் முறைக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் சார்ன்லி என்பவர். அவர் முதலில் கிண்ணத்திற்கு டெஃப்லான் என்னும் பொருளைப் பயன்படுத்தினார். அது விரைவில் தேய்ந்து தோல்வியுற்றது. மனம் தளராமல் 1962 இல் பாலிஎத்திலீன் கிண்ணத்தைக் கொண்டு வந்தார், அது நிலைத்தது. 2019 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, இம்மூட்டுகளில் நூற்றுக்குச் சுமார் 58 மூட்டுகள் 25 ஆண்டுகள் வரை உழைக்கின்றன. அறுவை மருத்துவம் நமக்கு அந்நியமானதன்று. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் அறுவைக் கருவிகளைப் படங்களுடன் விளக்கியவர். நோய்க்கு மருந்தையும் படைத்த இறைவன், அதைத் தேடுமாறு தன் தூதர் வாயிலாக நமக்கு வழிகாட்டியுள்ளான்.

சிகிச்சைக்கு முன்

அறுவை சிகிச்சை மருத்துவரின் வேலை. அதற்கு ஆயத்தமாவது நம் வேலை. சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை மருத்துவர் கேட்பார். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண் இவற்றை முன்பே குணப்படுத்திக்கொள்ள வேண்டும். எங்கோ உள்ள கிருமி இரத்தத்தின் வழியே புதிய மூட்டைச் சென்றடைந்தால் பெருந்துன்பம் நேரும். பீடி, சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். அவை புண் ஆறுவதைத் தடுக்கும். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும். குறிப்பாக இரத்தத்தை இளக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை அவரே கூற வேண்டும், நாமாக நிறுத்தலாகாது. தொடைக்கும் கைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சிகளை முன்னதாகவே கற்றுக்கொண்டால், பின்னர் வாக்கர் பிடிப்பது எளிதாகும்.

வீட்டையும் ஆயத்தப்படுத்த வேண்டும். கால் இடறும் பாய், மிதியடி, மின்கம்பிகளை அகற்றுங்கள். குந்தி அமரும் கழிப்பறை அறவே ஆகாது. உயரமான கமோடு வேண்டும். பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்துங்கள். கையுள்ள, உயரமான, உறுதியான நாற்காலி ஒன்று வேண்டும். அமரும்போது முழங்காலை விட இடுப்பு சற்று உயர்ந்திருக்க வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கமுள்ளோர் கட்டிலுக்கு மாற வேண்டும்.

செலவைக் குறித்தும் முன்பே விசாரியுங்கள். பிரெஞ்சு ஆட்சியில் 1823 இல் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை, நமக்கு எட்டும் தொலைவில் கோரிமேட்டில் இருப்பது இறைவனின் அருட்கொடை. அங்கே காத்திருக்க நேரிடலாம். ஆதலால் வலி முற்றும் வரை தள்ளிப்போடாமல் காலத்தோடு செல்லுங்கள். 70 வயது நிறைந்தோர்க்கு, வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. இதை அறியாத முதியோர் நம்மிடையே பலர். படித்த இளைஞர்கள் அவர்களுக்கு அட்டை பெற்றுத் தருவது பெரும் நன்மையாகும்.

மற்றொன்று. பொருத்தப்பட்ட மூட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு மருத்துவக் குறிப்பில் ஒட்டப்படும். அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 2010 ஆம் ஆண்டு டிப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டு வகையை உலகெங்கிலுமிருந்து திரும்பப் பெற்றது. இந்தியாவிலும் பல்லாயிரம் பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. தம் உடலில் இருப்பது எந்த மூட்டு என்று அறியாதவர் தமக்குரிய நீதியை எவ்வாறு கேட்க இயலும்?

சிகிச்சைக்குப் பின்

பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கச் செய்வர். அஞ்ச வேண்டாம். படுத்தே கிடப்பதுதான் ஆபத்து. கால் நரம்பில் இரத்தம் உறையும். எனவே படுக்கையிலும் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தைச் சொன்ன நாள் வரை விடாமல் உட்கொள்ள வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முதலில். கைத்தடியைச் சிகிச்சை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

பின்புறமாகத் திறந்து செய்யும் முறையில், முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் மூன்று காரியங்கள் ஆகா. இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குதல், கால் மேல் கால் போடுதல், பாதத்தை உட்புறம் திருப்புதல் ஆகியவையே அவை. இவற்றை மீறினால் மூட்டு நழுவக்கூடும். உறங்கும்போது இரு கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்வது நலம். வேறு முறையில் செய்தவர்க்குக் கட்டுப்பாடுகளும் வேறுபடும். ஆதலால் பக்கத்து வீட்டார் அனுபவத்தைப் பின்பற்றாமல் தம் மருத்துவர் சொல்லையே பின்பற்ற வேண்டும். கெண்டைக்கால் வீக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், தையலில் நீர் வடிதல், திடீரென நடக்க இயலாமை இவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தொழுகை

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறோம். தரையில் அமரும் அத்தஹிய்யாத் இருப்பும் சஜ்தாவும், மேலே கூறிய மூன்று தடைகளையும் ஒருங்கே மீறக்கூடிய நிலைகள். ஆகவே குணமாகும் வரை அவை கூடா. பின்னர், சிலருக்கு மருத்துவர் தரையில் தொழ அனுமதிப்பார், சிலருக்கு அனுமதிக்கமாட்டார். அனுமதியாவிட்டால் தொழுகை குறைந்துவிடுமா? நமது நாயகம் (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது அமர்ந்து தொழுதார்கள். நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ அனுமதி தந்தார்கள். எவரையும் அவர் தாங்கும் அளவுக்கு மேல் இறைவன் சிரமப்படுத்துவதில்லை.

நாற்காலியில் தொழுபவர் ருகூஉவுக்குச் சற்றுத் தலை தாழ்த்தி, சஜ்தாவுக்கு அதைவிடச் சற்று அதிகமாகத் தாழ்த்த வேண்டும். ஆனால் முதல் வாரங்களில் இடுப்பை வளைத்து முன்னே சாய்ந்துவிடாதீர்கள். தலையை மட்டும் அசைத்தல் போதுமானது. நிற்க இயன்றவர் நிற்றலை எவ்வாறு பேணுவது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. நம்மிடம் தனியே கேட்டுக்கொள்ளலாம். கட்டின் மீது நீர் படலாகாது எனில் அதன் மேல் மஸ்ஹு செய்யலாம். நீரே கூடாது எனில் தயம்மும் உண்டு. உளூவில் கால் கழுவக் குனிய வேண்டாம். மகனோ, மனைவியோ நீர் ஊற்றிக் கழுவட்டும். தந்தையின் பாதங்களைக் கழுவும் வாய்ப்பு எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்!

ஜமாஅத்தின் கடமை

நலம் விசாரிப்பது சுன்னத்தான நற்செயல். ஆனால் பதினைந்து பேர் திரண்டு சென்று, நோயாளியின் கட்டிலில் அமர்ந்து, ஒரு மணி நேரம் பேசுவது நலம் விசாரித்தல் ஆகாது. கைகளைக் கழுவிக்கொண்டு, ஓரிருவராகச் சென்று, துஆச் செய்து விரைவில் திரும்புங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் செல்லவே வேண்டாம்.

ஜமாஅத் நிர்வாகத்தாருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் நான்கு. உளூச் செய்யும் இடத்தில் உயரமான இருக்கைகள் இரண்டும், வழுக்காத தரையும் வேண்டும். கழிப்பறைகளில் ஒன்றையேனும் கமோடாக மாற்ற வேண்டும். வாசல் படியோரம் சாய்தளமும் கைப்பிடியும் வேண்டும். வாக்கர், உயர நாற்காலி, கமோடு இருக்கை ஆகியவற்றைப் பள்ளியில் வாங்கி வைத்து, தேவைப்படுவோர்க்கு இரவலாகத் தர வேண்டும். ஒருவருக்கு மூன்று மாதம் பயன்பட்டபின் அடுத்தவருக்கு அது உதவும். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை.

மற்ற ஜமாஅத்தாரிடம் கேட்பது ஒன்றே. ஸஃப்பில் நாற்காலி போட்டவரைக் குறைவாகப் பார்க்காதீர்கள். தொழுகை முடிந்து அவர் புறப்படுகையில், குனிந்து அவருடைய செருப்பை எடுத்து முன்னே வையுங்கள். அந்த ஒரு குனிவு அவருடைய மூட்டைக் காக்கும்.

அந்தப் பெரியவர் சிகிச்சை செய்துகொண்டார். நான்கு மாதங்களுக்குப் பின், கைத்தடியோடு, வலியின்றி, ஃபஜ்ருக்கு நடந்தே வந்தார். நாற்காலியில் அமர்ந்து தொழுதார். தொழுகை முடிந்தபின் நம்மிடம், “ஹஜ்ரத்! முன்பெல்லாம் சஜ்தாவில் வலி எப்போது தீரும் என்றே நினைப்பேன். இன்றுதான் நிம்மதியாகத் தஸ்பீஹ் ஓதினேன்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோது நம் தாயாரின் பதினோரு நாட்களே நம் நினைவுக்கு வந்தன.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தந்தருள்வாயாக! எங்கள் முதியோரை விழாமல் காப்பாயாக! அறியாமையால் நாங்கள் இழைத்த தவறுகளை மன்னிப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.