வானத்துப் பாதையும் சுங்கச் சாவடியும்

(தஞ்சாவூரில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனைந்து முளைக்கிறது. ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஒப்பந்தக் கூலிதான் வருகிறான். இப்படிப்பட்ட வேளையில் ராக்கெட்டைப் பற்றியும் செயற்கைக் கோளைப் பற்றியும் வகுப்பு எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதே இன்றைய பேச்சு.

கஞ்சிக்குப் பாடுபடுகிறவனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று நம்மை நினைக்க வைத்திருப்பது யாருக்கு லாபம்? ஆகாயத்தைப் பங்கு போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்குத்தான் லாபம். ஆகவே விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

கூலிக்குச் சரக்கேற்றும் ராக்கெட்

ராக்கெட் என்பது ஒரு பாரவண்டி. அதில் மர்மம் எதுவும் இல்லை. நெல் மூட்டையை லாரி கொண்டுபோய் அரவை ஆலையில் இறக்குகிறது. அதுபோலச் செயற்கைக் கோளைக் கொண்டுபோய் வானத்தில் குறித்த உயரத்தில், குறித்த வேகத்தில் இறக்கிவிடுவதே ராக்கெட்டின் வேலை. லாரிக்கு வாடகை உண்டு. ராக்கெட்டுக்கும் உண்டு.

இந்த வாடகைத் தொழிலை நடத்துவதற்காக 2019ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் நியூஸ்பேஸ் இந்தியா லிமிடெட் என்ற கம்பெனியை மத்திய சர்க்கார் தொடங்கியது. இது முழுக்க முழுக்க சர்க்காருக்குச் சொந்தமானது. 2021 பிப்ரவரி 28 அன்று பிரேஸில் நாட்டின் அமேசோனியா-1 என்ற 637 கிலோ எடையுள்ள செயற்கைக் கோளை, நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் வைத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தக் கம்பெனி அனுப்பியது. லாரியில் பெரிய சரக்கோடு சில்லறை மூட்டைகளையும் ஏற்றிக்கொள்வதில்லையா? அப்படியே 18 சிறு கோள்களும் அதில் போயின.

அடுத்து ஒன்வெப் என்ற கம்பெனி வந்தது. 2022ல் உக்ரைன் யுத்தம் மூண்டதும் ரஷ்ய ராக்கெட்டுகளில் அதன் கோள்களை அனுப்பும் ஏற்பாடு முறிந்தது. அது நம் வாசலுக்கு வந்து நின்றது. 2022 அக்டோபர் 23ல் 36, 2023 மார்ச் 26ல் 36, ஆக 72 கோள்களை எல்.வி.எம்.3 என்ற நமது பெரிய ராக்கெட் கொண்டுபோய் இறக்கியது. வாடகை 1,000 கோடி ரூபாய்க்கு மேல். 2025 டிசம்பர் 24ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் புளூபேர்ட் என்ற கோளை அதே ராக்கெட் ஏற்றிச் சென்றது. அதன் எடை 6,000 கிலோவுக்கும் மேல்.

கூலிக்குச் சரக்கேற்றுவது தவறா? தவறில்லை, தோழர்களே. சர்க்கார் பஸ்ஸிலும் டிக்கெட் வாங்குகிறோம். வெளிநாட்டான் கொடுக்கும் வாடகை நமது பொதுக் கஜானாவுக்கு வந்து, அதனால் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு ஆஸ்பத்திரியும் எழும்பினால் நாம் வரவேற்போம். இந்தப் பாதையைப் போட்டவர்கள் யார், இனிமேல் இதில் சுங்கம் வாங்கப்போகிறவர்கள் யார் என்பதே நமது கேள்வி.

பாதை போட்டவர்கள்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை வானத்தில் ஏற்றியது. பாட்டாளி வர்க்கத்தின் ராஜ்யம் முதல் செயற்கைச் சந்திரனை விட்டது கண்டு உலகமே வியந்தது. ஆறு வருஷம் கழித்து, 1963 நவம்பர் 21ல், கேரளத்தின் தும்பா கடற்கரையிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. அதுவும் அமெரிக்காவில் செய்ததுதான். அதற்காக அந்த ஊர் மீனவர்கள் தங்கள் வீடுவாசலைக் கொடுத்தார்கள். மாதா கோயிலையும் கொடுத்தார்கள். அந்தக் கோயில்தான் விஞ்ஞானிகளின் முதல் ஆபீஸ். பிறகு ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் ஏவுதளம் கட்டியபோது, காலங்காலமாக அங்கே வாழ்ந்த ஏனாதிப் பழங்குடி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் பெயர் எந்த ராக்கெட்டிலும் எழுதப்படவில்லை.

1975 ஏப்ரல் 19ல் நமது முதல் செயற்கைக் கோளான ஆரியபட்டாவைச் சோவியத் ராக்கெட் ஏற்றியது. ஏற்றுகூலி என்று அவர்கள் பணம் கேட்கவில்லை.

பாரமான கோள்களைத் தூக்க வேண்டுமானால் கிரயோஜெனிக் இஞ்சின் வேண்டும். ஹைட்ரஜன் வாயுவைப் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கி எரிக்கும் இஞ்சின் அது. அதன் தொழில்நுட்பத்தைத் தர ரஷ்யா ஒப்பந்தம் செய்திருந்தது. 1992ல் அமெரிக்கா குறுக்கே விழுந்து தடை போட்டது. சோவியத் நாடு சிதறிப்போன காலம் அது. 1993ல் ரஷ்யா பின்வாங்கியது. இஞ்சினை விற்போம், செய்யும் வித்தையைச் சொல்லித்தர மாட்டோம் என்றது.

நம் விஞ்ஞானிகளும் தொழிலாளிகளும் என்ன செய்தார்கள்? திருநெல்வேலி ஜில்லா மகேந்திரகிரியின் சோதனைக் களத்தில் வருஷக்கணக்கில் பாடுபட்டார்கள். தோற்றார்கள், மறுபடி செய்தார்கள். 2014 ஜனவரி 5ல் நம் நாட்டு கிரயோஜெனிக் இஞ்சின் வானத்தில் வெற்றிகரமாக எரிந்தது. அதற்குப்பின் கட்டிய இன்னும் பெரிய இஞ்சின்தான் ஒன்வெப்பின் சரக்கை ஏற்றியது. இருபது வருஷம் லாபம் பாராமல் எந்த முதலாளி இதற்குப் பணம் போட்டிருப்பான்? ஒருவனும் போடவில்லை. நாம் வாங்கும் தீப்பெட்டியிலும் சோப்பிலும் கொடுத்த வரிதான் அந்த இஞ்சினுக்குள் எரிந்தது.

நடுவானில் மெக்கானிக்

இப்போது புதிதாக ஒரு தொழில் கிளம்பியிருக்கிறது. நம் வயலில் பம்ப்செட் நன்றாக இருக்கும். டீசல் தீர்ந்துவிட்டால் தண்ணீர் வராது. செயற்கைக் கோளின் கதையும் இதுதான். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோள், தன் இடத்தை விட்டு நகராமல் இருக்க அவ்வப்போது கொஞ்சம் எரிபொருள் எரித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பதினைந்து வருஷத்தில் அந்த எரிபொருள் தீர்கிறது. மற்ற கருவிகள் நல்ல நிலையில் இருந்தாலும் கோளைக் கைவிட வேண்டியதுதான். அப்படிக் கைவிடாமல் மேலேயே போய்ப் பழுது பார்ப்பதும், எரிபொருள் நிரப்புவதும், இழுத்துச் செல்வதும்தான் இந்தப் புதிய தொழில்.

இதற்கும் வழிகாட்டியது சோவியத் நாடே. 1978லேயே ப்ரோக்ரஸ் என்ற ஆளில்லாக் கலம், சால்யூட்-6 என்ற விண்வெளி நிலையத்துக்கு எரிபொருள் கொண்டுபோய் நிரப்பியது. அது வியாபாரத்துக்காகச் செய்ததல்ல. இதை வியாபாரமாக்கியது அமெரிக்காவின் நார்த்ராப் கிரம்மன் கம்பெனி. 2020 பிப்ரவரியில் அதன் கலம் ஒன்று, 2001ல் ஏவிய இன்டெல்சாட்-901 என்ற பழைய கோளைப் போய்ப் பிடித்துக்கொண்டது. ஓடாத வண்டிக்கு இன்னொரு வண்டியின் மாட்டைப் பூட்டியதுபோல, தன் இஞ்சினால் ஐந்து வருஷம் அதை நிலைநிறுத்தி வாடகை வாங்கியது. 2025ல் அதை விடுவித்தது. அணுகுண்டு போடும் விமானங்களைச் செய்வதும் இதே கம்பெனிதான் என்பதை நினைவில் வையுங்கள். நண்பனின் கோளைப் பிடிக்கத் தெரிந்த கை, எதிரியின் கோளையும் பிடிக்கும்.

நம் நாடும் இந்த வித்தையைக் கற்றுவிட்டது. 2024 டிசம்பர் 30ல் ஸ்பேடெக்ஸ் என்ற பெயரில் தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு கோள்களை அனுப்பினார்கள். துப்பாக்கிக் குண்டைவிட வேகமாக ஓடும் அந்த இரண்டும், 2025 ஜனவரி 16ல் மெதுவாக நெருங்கி ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரமும் போயிற்று. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து இதைச் சாதித்த நாலாவது நாடு நாம். பெருமைப்பட வேண்டிய காரியம். இதைச் சாதித்ததும் பொதுத்துறையே.

லாபம் அவர்களுக்கு, நஷ்டம் நமக்கு

அறுபது வருஷம் உழுது, விதைத்து, களை எடுத்தாகிவிட்டது. கதிர் முற்றியிருக்கிறது. இப்போது அறுவடைக்கு ஆட்கள் வருகிறார்கள்!

2020ல் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அந்நிய மூலதனத்துக்கும் கதவு திறந்தது. அனுமதி கேட்காமலே செயற்கைக் கோள் தொழிலில் 74 சதவீதம் வரை, ராக்கெட்டிலும் ஏவுதளத்திலும் 49 சதவீதம் வரை, உதிரிபாகத் தொழிலில் 100 சதவீதம் அந்நியன் வைத்துக்கொள்ளலாம். அதே மாதம் 28ந் தேதி தூத்துக்குடி ஜில்லா குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2,200 ஏக்கருக்கு மேல் நிலம். செலவு 986 கோடி ரூபாய். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே கடல்மேல் போகலாம். நல்ல ஏற்பாடுதான். நிலம் ஜனங்களுடையது, பணம் ஜனங்களுடையது. அங்கிருந்து சிறு ராக்கெட் விட்டுச் சம்பாதிக்கப்போகும் தனியார் கம்பெனிகள் திருப்பித் தருவது என்ன?

சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் கம்பெனியின் இளைஞர்கள், ஒரே துண்டாக அச்சடித்த இஞ்சினை 2024 மே 30ல் பறக்கவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்கள்மீது நமக்குப் பகை கிடையாது. ஆனால் அந்த ஐ.ஐ.டி.யும் நம்முடையது, அவர்கள் நின்று ஏவிய ஸ்ரீஹரிகோட்டாவும் நம்முடையது. நாளைக்கு ஒரு பகாசுரக் கம்பெனி பணமூட்டையோடு வந்து இந்தப் பிள்ளைகளின் மூளையை மொத்தமாக விலைக்கு வாங்கினால் தடுப்பது யார்?

நஷ்டம் வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 2005ல் சர்க்காரின் ஆன்ட்ரிக்ஸ் நிறுவனம், தேவாஸ் என்ற தனியார் கம்பெனியோடு செயற்கைக் கோள் ஒப்பந்தம் செய்தது. முறைகேடு என்று கூச்சல் எழுந்து 2011ல் ஒப்பந்தம் ரத்தாயிற்று. சர்வதேச நடுவர் மன்றம் 2015ல் 56 கோடி டாலருக்கு மேல் நம் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்றது. 2022 ஜனவரியில் நம் சுப்ரீம் கோர்ட், தேவாஸ் பிறந்ததே மோசடியில்தான் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்நியக் கோர்ட்டுகளில் வழக்கு துரத்திக்கொண்டே வந்தது. தனியாரோடு கைகோத்ததற்கு நம் வீட்டு வாசலில் வந்து நின்ற பில் இது!

2025 மே 18லும் 2026 ஜனவரி 12லும் பி.எஸ்.எல்.வி. அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றது. இரண்டாவது முறை போனதில், வானத்தில் எரிபொருள் நிரப்பும் வித்தையைச் சோதிக்க ஒரு புதிய கம்பெனி செய்த ஆயுள்சாட் என்ற கோளும் அழிந்தது. தோல்வியைக் கண்டு நாம் கைகொட்டிச் சிரிக்கமாட்டோம். ஏன் தோற்றது என்ற விசாரணை அறிக்கையை ஜனங்கள் முன்னே வையுங்கள் என்று கேட்போம். பணம் போட்டவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

நம் வயலை மேலிருந்து பார்ப்பவர் யார்?

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு இப்போது வருவோம். 1952ல் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்தபோது வானத்தில் நமக்குக் கண் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. நமது இன்சாட் கோள்கள் அதை நாள்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தன. அதனால் கடலோர ஜனங்களை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்ல முடிந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் அழிந்தன. ஆயினும் எச்சரிக்கையால் பிழைத்த உயிர்கள் அநேகம். அந்தச் செய்திக்கு நாகப்பட்டினத்து மீனவன் காசு கொடுத்தானா? இல்லை. ஏனென்றால் அந்தக் கண் பொதுச் சொத்து.

இன்னொன்று. நெற்பயிர் இன்ஷூரன்ஸில், மகசூலைக் கணக்கிடும்போது குறைந்தது 30 சதவீதம் செயற்கைக் கோள் முதலிய கருவிகளின் மதிப்பீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2023 காரிப் பருவத்தில் மத்திய சர்க்கார் விதி கொண்டுவந்தது. அதாவது, கடைமடையில் சம்பாப் பயிர் மூழ்கினால், அழுகியது எவ்வளவு என்று சொல்லும் சாட்சியில் ஒன்று வானத்தில் இருக்கிறது. அந்தச் சாட்சி யாருடைய கைப்பிள்ளை? படம் எடுக்கும் கோளும் கம்பெனிக்கு, படத்தைப் படிக்கும் கணக்கும் கம்பெனிக்கு, நஷ்டஈடு தர வேண்டியதும் கம்பெனி என்றால், குத்தகை விவசாயி எங்கே போய் முறையிடுவான்? விளைச்சல் போனால் கூலி வேலையும் போகிறதே, அந்த விவசாயத் தொழிலாளியின் நஷ்டத்தை எந்தக் கோள் படம் பிடிக்கிறது?

தஞ்சைத் தரணியில் இது நமக்குப் புதிய பாடமல்ல. வாய்க்காலை வெட்டியவன் பண்ணையாள்; வருஷாவருஷம் தூர் வாரியவன் பண்ணையாள். மதகின் சாவி மட்டும் மிராசுதார் இடுப்பில் இருந்தது. சங்கம் கட்டிப் போராடி 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை வாங்கினோம். 1968ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைத் தீயில் கொடுத்தோம். பாடுபட்டவனுக்கே பலன் என்பது அந்தப் போராட்டங்களின் சாரம். வானத்து வாய்க்காலுக்கும் அதே நியாயம்தான்.

நமது கோரிக்கை

ஆகவே, தோழர்களே, நாம் கேட்பது என்ன?

ராக்கெட்டும் ஏவுதளமும் பொதுத்துறையிலேயே இருக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறு ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை 2025ல் 511 கோடி ரூபாய்க்கு எடுத்தது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். அது பொதுத்துறை ஆலை என்பதில் திருப்தி உண்டு. அதன் பங்குகளை மேலும் விற்கக் கூடாது.

பொதுப் பணத்தில் கட்டிய தளத்தைத் தனியார் உபயோகித்தால் முழு வாடகையும், லாபத்தில் பங்கும் கஜானாவுக்கு வர வேண்டும்.

விண்வெளி நிலையங்களில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிகளை நிரந்தரமாக்க வேண்டும்.

நம் வயல்களைப் பற்றிய செயற்கைக் கோள் படமும் கணக்கும் காசில்லாமல் கிராம சபைக்குக் கிடைக்க வேண்டும். வயலில் இறங்கிப் பார்க்கும் அறுவடைச் சோதனையும் தொடர வேண்டும்.

குலசேகரப்பட்டினத்தில் நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை தர வேண்டும்.

இவற்றைச் சங்கக் கூட்டங்களில் பேசுங்கள். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அரவை ஆலை வாசலிலும் நடவு வயல் வரப்பிலும் சொல்லுங்கள். விஞ்ஞானம் உழைப்பாளி மக்களின் பொதுச் சொத்து. அதைச் சுரண்டல்காரரின் சுங்கச் சாவடியாக்க விடமாட்டோம்!

பொதுத்துறையைப் பாதுகாப்போம்!
தொழிலாளி - விவசாயி ஒற்றுமை ஓங்குக!