எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்கும் முன்

(நம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். லிஃப்ட் பராமரிப்பு விவாதம் வேறு பாக்கி இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பில் வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேர வேண்டிய குழந்தைகள் ஏழு பேர். அதில் ஐந்து வீட்டார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அங்கிள், அந்த கான்வென்ட்டில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" எனக்கு யாரையும் தெரியாது. வங்கி கவுண்டரில் காலம் தள்ளியவனுக்குத் தெரிந்தது விதியும் ரசீதும்தான். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் எந்த மாதிரிப் பள்ளியின் வாசலில் நிற்கப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபை சிஸ்டர்கள் 1842-ல் மெட்ராஸ் வந்து ஜார்ஜ் டவுனில் தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் சிஸ்டர்கள் நடத்தும் கத்தோலிக்கப் பள்ளிகள் உண்டு. இன்று பல இடங்களில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கின்றன. ஒன்று அரசு உதவி பெறும் பள்ளி. அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. இன்னொன்று சுயநிதிப் பள்ளி, பெரும்பாலும் மெட்ரிகுலேஷன். அங்கே சம்பளம், கரண்ட் பில், பெயின்ட் எல்லாம் நாம் கட்டும் கட்டணத்திலிருந்துதான் போக வேண்டும். நீங்கள் ஐந்து பேரும் கேட்பது இந்த இரண்டாவதை.

அடுத்து, கொஞ்சம் சங்கடமான விஷயம். போன கூட்டத்தில் ஒருவர், "அவங்க ஆளுங்களுக்கே சீட் கொடுத்துக்கிறாங்க சார்" என்று குறைப்பட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நம் 'பி' பிளாக் கத்தோலிக்கக் குடும்பம். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவைப் படியுங்கள். மதச் சிறுபான்மையினருக்கும் மொழிச் சிறுபான்மையினருக்கும் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையம் தொடங்கி நடத்தும் உரிமை இருக்கிறது. தம் பங்கைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பது அந்த உரிமையில் அடங்கியது. ஆந்திராவில் தமிழர்கள் ஒரு பள்ளி நடத்தினால் மொழிச் சிறுபான்மை என்ற வகையில் அவர்களுக்கும் இதே பிரிவுதான் துணை. கத்தோலிக்கப் பிள்ளைகள், ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகள், பழைய மாணவிகளின் குழந்தைகள் எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் பொதுவாக நமக்கு வரும். அது எத்தனை இடம் என்று அலுவலகத்தில் மரியாதையாகக் கேட்டால் பல பள்ளிகளில் சொல்கிறார்கள். கேட்டுவிட்டு ஆசைப்படுங்கள்.

இன்னொருவர் கல்வி உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறார். 25 சதவீத இடம் உண்டு, குழந்தைக்குத் தேர்வு வைத்தால் 25,000 ரூபாய் வரை அபராதம் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்துவிட்டது. உதவி பெறும் பள்ளியாக இருந்தாலும் சரி, பெறாததாக இருந்தாலும் சரி. 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது மாறும் வரை சிஸ்டரிடம் போய் செல்போனில் சட்டத்தைக் காட்டுவதில் பயனில்லை. 25 சதவீத இடம் வேண்டுமென்றால் சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நலிந்த பிரிவில் கேட்பவர்களுக்கு ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கார் பார்க்கிங் இரண்டு கேட்கும் நம்மில் பலருக்கு அது பொருந்தாது.

அப்படியானால் அந்தப் பள்ளிகளை யாரும் கேள்வி கேட்க முடியாதா? முடியும். பணத்தில் முடியும். இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 2002-ல் பதினொரு நீதிபதிகள் கொடுத்த டி.எம்.ஏ. பை தீர்ப்பு, சுயநிதி நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தை நிர்ணயித்துக்கொள்ளலாம், ஆனால் கொள்ளை லாபமும் கட்டாய நன்கொடையும் கூடாது என்றது. நம் மாநிலத்தில் நன்கொடை வசூலைத் தடுக்க 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. 2009-ல் கட்டண ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு, பள்ளியின் வரவு செலவைப் பார்த்து வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அது மூன்று வருடத்துக்குச் செல்லும். கத்தோலிக்க சுயநிதிப் பள்ளியும் இதற்குள் வருகிறது. நீங்கள் சேரப்போகும் பள்ளிக்கு எல்.கே.ஜி.க்கு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அதற்கு மேல் ஒரு தொகை கேட்டால் எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள். ரசீது கேளுங்கள்.

நம் குடியிருப்பில் முன்பு வாடகைக்கு இருந்த ஒரு தம்பி, ஒரு பள்ளியில் கட்டட நிதி என்று பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுத்தார். ரசீது கேட்கச் சங்கடப்பட்டார். எட்டாவது மாதம் பெங்களூருக்கு மாற்றல். கொடுத்ததற்குச் சீட்டே இல்லாதபோது எதைத் திருப்பிக் கேட்பது? காசோலையாகவோ ஆன்லைனிலோ வாங்க மறுக்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. வருமான வரியிலும் பள்ளிக்குக் கட்டியதில் கழிப்பது டியூஷன் ஃபீஸ் மட்டும்தான், அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு. டொனேஷனும் டெவலப்மென்ட் ஃபீஸும் வேன் கட்டணமும் அதில் சேராது.

நான் வேலை பார்த்த கிளைகளில் மே, ஜூன் வந்தால் நகைக்கடன் கவுண்டரில்தான் கூட்டம். வங்கியின் வழக்கமான கல்விக் கடன் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு. மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மாவின் வளையல்தான் வழி. அப்ரைசர் உரசிப் பார்க்கும்போது அந்தப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பதினாலு வருடப் படிப்பில் முதல் வருடத்துக்கே வளையல் போனால், அடுத்த ஜூனுக்கு எது போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடாவருடம் கட்டணம் ஏறும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

சீட்டுக்காக ஞானஸ்நானச் சான்றிதழ் 'ஏற்பாடு' செய்யலாம் என்று ஒரு புரோக்கர் சொன்னதாகக் காதில் விழுந்தது. பங்குத்தந்தையிடம் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். கையெழுத்தும் முத்திரையும் போலி என்றால் அது குற்ற வழக்கு. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மத போதனை பற்றிப் பாட்டிமார்கள் கேட்டீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. 28-வது பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியிலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மத போதனையில் உட்கார வைக்க முடியாது. காலைப் பிரார்த்தனையில் கை கூப்பி நிற்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பது என் சொந்த அபிப்பிராயம். ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம்.

குழந்தைகளை நேர்முகத்துக்குத் தயார் செய்கிறீர்களே, அதைப் பற்றி ஒன்று. இரவு ஒன்பது மணிக்கு மாடிப்படியில் ஏறும்போது ஒரு வீட்டுக்குள்ளிருந்து "வாட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்" என்று நாலைந்து முறை கேட்டது. கடைசியில் அழுகைதான் பதிலாக வந்தது. சீட் கிடைக்காமல் போவதற்கு மேலே சொன்ன கணக்குதான் பெரும்பாலும் காரணம். அந்தக் குழந்தையிடம் "நீ சரியாகச் சொல்லவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை" என்று தயவு செய்து சொல்லாதீர்கள்.

நம் செக்யூரிட்டி ஒருவரின் மகள் அதே காம்பவுண்டில் உள்ள உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அதே சிஸ்டர்கள், அதே மைதானம். தமிழ் வழி, கட்டணச் சுமை கிடையாது. 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் முதலமைச்சர் காலை உணவு கொடுக்கிறார்கள். மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். அந்தப் பெண் தமிழ்ப் பத்திரிகையைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள். போன வாரம் கேட்டில் எனக்கே வாசித்துக் காட்டினாள். நீங்கள் ஐந்து பேரும் ஒரு தடவையாவது அந்தப் பக்கத்துக் கட்டடத்துக்குள் போய்ப் பாருங்கள். சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இஷ்டம்.

கடைசியாகப் பிறப்புச் சான்றிதழ். இரண்டு வீடுகளில் இன்னும் குழந்தையின் பெயரே அதில் ஏறவில்லை என்று தெரிகிறது. பிறந்து ஒரு வருடத்துக்குள் என்றால் பெயர் பதிவு இலவசம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வருடம் வரை பதியலாம். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், இனிஷியல் ஒன்றில் முன்னால் ஒன்றில் பின்னால் என்று இருந்தால் இப்போதே சரி செய்துவிடுங்கள். வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சங்க அறையில் இருப்பேன். அசலும் ஒரு ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன். லிஃப்ட் விஷயத்துக்குச் செயலாளர் வரலாம்.