எல்லாக் கைகளுக்கும் எட்டும் இசை
(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பாடகர் குழு மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலியின் நினைவாக நம் கோவிலுக்குப் புதிய கீபோர்டு ஒன்று வாங்க வேண்டும் என்பது பாடகர் குழுவினரின் ஆசை. பிரான்சிலிருக்கும் நம் குடும்பத்தார் சிலரும் அதற்குக் கைகொடுக்க முன்வந்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பணம் கொடுக்குமுன் நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கருவியைக் கண் தெரியாத ஒருவர், பக்கத்தில் ஆள் இல்லாமல், தாமே வாசிக்க முடியுமா?

இக்கேள்வி கற்பனையாக எழுந்ததன்று. நம் பாடகர் குழுவில் பார்வையற்ற தம்பி ஒருவர் இருக்கிறார். நம் பாடல்கள் அனைத்தையும் காதால் கேட்டே ஆர்மோனியத்தில் வாசிக்கிறார். இன்றைய கீபோர்டுகள் சிலவற்றிலோ ஓசையை மாற்ற வேண்டுமென்றால் கண்ணாடித் திரையைப் பார்த்துத் தொட வேண்டியிருக்கிறது. கட்டைகளை வாசிக்கத் தெரிந்தவரைத் திரை வெளியே நிறுத்திவிடுகிறது. இது அவர் குறையா, கருவியின் குறையா? இதையே இன்று சிந்திப்போம்.

இசைக்குக் கண் அவசியமா? இதற்குக் காவிரிக் கரையே விடை சொல்லியிருக்கிறது. கும்பகோணத்தில் 1872 முதல் 1904 வரை வாழ்ந்த சரப சாஸ்திரிகள் பார்வையற்றவர். புல்லாங்குழலைக் கர்நாடக இசைக் கச்சேரியின் தனிக்கருவியாக உயர்த்தியவர் என்று இசையுலகம் அவரைப் போற்றுகிறது. பல்லடம் சஞ்சீவ ராவ் போன்ற பெரிய வித்துவான் அவரிடம் பயின்றார். குழலில் துளைகள் உண்டு, விரல்கள் அவற்றைக் கண்டுகொள்ளும். அக்கருவி யாரையும் கண் கேட்கவில்லை.

அப்படியானால் தடை எங்கே நிற்கிறது? இரண்டு இடங்களில். ஒன்று, இசையை எழுதி வைத்திருக்கும் ஏடு. மற்றொன்று, இசையை எழுப்பும் கருவி.

முதலில் ஏட்டைப் பார்ப்போம். பிரெஞ்சு நாட்டில் கூப்வ்ரே என்ற சிற்றூரில் 1809-இல் பிறந்தவர் லூயி பிரெய்ல். சேணம் தைக்கும் தகப்பனாரின் பட்டறையில் விளையாடும்போது மூன்று வயதில் ஊசி கண்ணில் பட்டு, பின்னர் இரு கண்களும் போயின. அவ்வூர்ப் பங்குக்குரு பால்யுய் அடிகளார் அச்சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பத்து வயதில் பாரிஸ் நகரின் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்த அவர், பதினைந்து வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்டு ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். அதை விளக்கி 1829-இல் வெளிவந்த நூலின் தலைப்பை நாம் கவனிக்க வேண்டும். சொற்கள், இசை, கோவிலில் பாடும் எளிய கீதம் ஆகிய மூன்றையும் புள்ளிகளால் எழுதும் முறை என்றே அது பெயர் பெற்றது. பிரெய்ல் எழுத்து பிறக்கும்போதே இசையோடு சேர்ந்து பிறந்தது! ஏனென்றால் அவரே பாரிஸ் கோவில்களில் ஆர்கன் வாசித்தவர்.

அம்முறையின் நுட்பம் எளியது. ஆறு புள்ளிகளில் மேலே உள்ள நான்கும் சுரம் எது என்று சொல்லும். கீழே உள்ள இரண்டும் அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று சொல்லும். ஒரே விரல்நுனியில் சுரமும் காலமும் அடங்கிவிடுகின்றன. ஆனால் பார்வையுள்ளோர் பழகிய எழுத்து அதுவன்று. ஆதலால் அந்தப் பள்ளி முறைப்படி அதை ஏற்றுக்கொண்டது 1854-இல்தான். பிரெய்ல் மறைந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. உதவி செய்ய விரும்புகிறவர்கள், உதவி பெறுகிறவருக்கு எது தோது என்று கேட்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இதுவே சான்று.

அதன் பலனையும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே பார்வை மிகக் குன்றிய லூயி வியேர்ன் என்பவர் 1900 முதல் 1937 வரை பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தின் ஆர்கன் கலைஞராக இருந்தார். முற்றிலும் பார்வையற்ற ழான் லாங்லே 1945 முதல் 1987 வரை புனித குளோத்தில்து ஆலயத்தில் அப்பணியைச் செய்தார். ஏடு கைக்கு எட்டியவுடன் பேராலயத்தின் ஆர்கனும் எட்டியது.

இரண்டாவதாகக் கருவி. நம் ஆர்மோனியப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். அது 1840-களில் பாரிஸில் பிறந்தது. அங்கே நாற்காலியில் அமர்ந்து, இரு கால்களாலும் துருத்தியை மிதித்து வாசித்தார்கள். நாமோ பாயில் சம்மணமிட்டு அமர்ந்து பாடுகிறவர்கள். அந்தக் கருவியின் முன்னே நம் நாட்டார் அனைவருமே ஒருவகையில் கால் இயலாதவர்கள்! அதற்காக நாம் யாரும் உட்காரும் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875-இல் துருத்தியைப் பெட்டியின் பின்புறம் வைத்துக் கையால் இயக்கும்படி செய்தார். மனிதர் கருவிக்கு வளையாமல், கருவி மனிதருக்கு வளைந்தது. இதை யாரும் சலுகை என்றோ தருமம் என்றோ சொல்வதில்லை. நல்ல தச்சு வேலை என்றே சொல்கிறோம். மாற்றுத்திறனாளிகள் இன்று கேட்பதும் இவ்வளவே.

இனி மின்னணு யுகத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ரே கர்ஸ்வெயில் என்பவர் 1976-இல், அச்சிட்ட பக்கத்தை உரக்கப் படிக்கும் இயந்திரத்தைப் பார்வையற்றோருக்காக அமைத்தார். அதை முதலில் வாங்கியவர்களுள் ஒருவர் பார்வையற்ற இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர். அந்த நட்பிலிருந்து இசைக்கருவி நிறுவனம் ஒன்று 1982-இல் பிறந்து, 1984-இல் புதுவகைக் கீபோர்டு ஒன்று வெளிவந்தது. பார்வையற்ற ஒருவரின் தேவை, பார்வையுள்ள ஆயிரமாயிரம் பேருக்கும் பயன்பட்டது.

இன்று பாட்டு எழுதுவதும் பதிவு செய்வதும் கணினியில் நடக்கின்றன. கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பதை 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கினார், ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். இன்றும் அது இலவசம், தமிழும் பேசும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் பார்வையற்றோர் கையாள உதவும் ஒசாரா என்ற இணைப்பையும் ஜேம்ஸ் டே உருவாக்கினார். இசைக்குறியீடு எழுதும் மியூஸ்ஸ்கோர் இலவசமாகக் கிடைக்கிறது. திரை வாசிக்கும் மென்பொருளோடு அது இணங்கி நடக்கும், குறியீட்டைப் பிரெய்லிலும் காட்டும். குமிழைத் தொட்டவுடன் அதன் பெயரைக் கணினி வழியே சொல்லும் கீபோர்டுகளும் வந்துள்ளன.

ஆனால் வாசல் ஒருமுறை திறந்தால் என்றென்றும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவலாக உள்ள ப்ரோ டூல்ஸ் மென்பொருளைப் பார்வையற்ற பதிவாளர்கள் ஒரு காலத்தில் பயன்படுத்தி வந்தார்கள். கணினியின் இயங்குமுறை மாறியபோது பேச்சு வசதி அறுந்துபோயிற்று. கற்ற தொழில் கைநழுவும் நிலை! அவர்கள் சோர்ந்து ஒதுங்காமல் கூட்டாகக் கையெழுத்திட்டு முறையிட்டார்கள். வசதி மீண்டும் வந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

பார்வையற்றோரை மட்டுமே நினைப்பதும் போதாது. முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பவுல் விட்கென்ஸ்டைன் என்ற பியானோ கலைஞருக்காக, பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இடக்கை ஒன்றாலேயே வாசிக்கத்தக்க பேரிசை ஒன்றை அமைத்தார். அது 1932-இல் வியன்னாவில் அரங்கேறியது. செவித்திறன் இழந்த ஸ்காட்லாந்துத் தாளக் கலைஞர் எவலின் கிளெனி காலணி கழற்றி, தரையின் அதிர்வால் இசையை உணர்ந்து வாசிக்கிறார். கைகால் அசையாதவர் கண் அசைவாலேயே வாசிக்கத்தக்க ஐஹார்ப் என்ற மென்பொருளைப் பார்சலோனாவில் உருவாக்கியிருக்கிறார்கள். தமிழகத்திலே கோமகன் அவர்கள் பார்வையற்ற கலைஞர்களைச் சேர்த்து 'ராகப்ரியா' இசைக்குழுவை நடத்தினார். 2004-இல் வந்த 'ஆட்டோகிராஃப்' படத்தில் அவர்களைக் கண்டு நெகிழாதவர் யார்? 2021-இல் கொரோனா அவரை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது.

சட்டமும் இப்போது துணை நிற்கிறது. பார்வையற்றோருக்காக நூல்களைப் பிரெய்லிலோ ஒலியிலோ மாற்றப் பதிப்புரிமை தடையாகாதபடி 2013-இல் மராகேஷ் உடன்படிக்கை உருவாயிற்று. 2014-இல் அதை உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. எழுத்து மட்டுமன்று, இசைக்குறியீடும் அதில் அடங்கும். அன்றாட மின்னணுப் பொருள்கள் எல்லாரும் பயன்படுத்தத்தக்க வடிவில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கூறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் நம் நாட்டில் 2 கோடியே 68 இலட்சம் பேர். எந்தப் பங்கிலும் ஒருவர் இருவராவது இருப்பர் என்பதில் ஐயமில்லை.

சரி, பாரிஸும் வியன்னாவும் இருக்கட்டும், காரைக்காலில் நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கீபோர்டு வாங்கும்போது அத்தம்பியையும் கடைக்கு அழைத்துச் செல்வோம். திரை ஒன்றையே நம்பியிராமல், விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான்கள் உள்ளதா என்று அவரே தடவிப் பார்க்கட்டும். பிரான்சிலிருந்து வாங்கி அனுப்புகிறவர்களும் இதை விசாரித்து வாங்கட்டும்.

இரண்டாவது, ஓசை அமைப்புகளை முன்கூட்டியே பதிந்து வைக்கும் பொத்தான்கள் பல கீபோர்டுகளில் உண்டு. வருகைப் பாடலுக்கு ஒன்று, காணிக்கைப் பாடலுக்கு இரண்டு, திருவிருந்துப் பாடலுக்கு மூன்று என்று பதிந்து வைப்போம. அப்பொத்தான்கள் மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் விரல் கண்டுகொள்ளும். செலவு ஐந்து பத்து ரூபாய்தான்.

மூன்றாவது, பாடல் தாள்கள். வாட்ஸ்அப்பில் பாடலைப் புகைப்படமாக அனுப்பினால் பேசும் கைபேசி பெரும்பாலும் வாய் மூடிக்கொள்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலைப் படிக்கிறது. யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்து எழுத்தாகவே அனுப்பினால், அதே பாடலை அது வரி வரியாகப் படித்துச் சொல்லும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் என்றும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்றும் இவ்வசதி உள்ளேயே இருக்கிறது. பார்வை மங்கிய நம் தாத்தா பாட்டிமாருக்கும் இது உதவும். இளைஞர்களே, இவ்வாரமே அவர்களுக்கு அதை இயக்கக் கற்றுக்கொடுங்கள்.

நான்காவது, சக்கர நாற்காலியில் வரும் குரல் பாடகர் மாடத்தின் படிகளில் நின்றுவிடக் கூடாது. அவர் மேலே வர முடியாவிட்டால் பாடகர் குழு கீழே இறங்கி வரட்டும்.

வழிபாட்டில் இறைமக்கள் அனைவரும் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கூறியது. அனைவரும் என்றால் அனைவருமே. எரிகோவின் சாலையோரம் பர்த்திமேயு குரல் எழுப்பியபோது கூட்டம் அவரை அதட்டி அடக்கிற்று. ஆண்டவரோ நின்று, அவரை அழைத்து, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேட்டார். முதலில் கேட்டார், பிறகே செய்தார்.

நாமும் கேட்டுச் செய்வோம். நாம் வாங்கும் கீபோர்டு நம் கோவிலில் பல ஆண்டுகள் ஒலிக்கட்டும். அதை வாசிக்கப் பக்கத்தில் ஆள் தேடும் நிலை யாருக்கும் வராதிருக்கட்டும். இறைவன் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.