அடிபட்ட அன்றே எழுதி வையுங்கள்

(தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட ஒரு நாள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



எங்கள் தோட்டத்தில் யாரையும் குளவி கொட்டியதில்லை என்று சொல்லக்கூடியவர்கள் கையை உயர்த்துங்கள். ஒரு கையும் உயரவில்லை. சரி, குளவி கொட்டியதற்கு நட்டஈடு வாங்கிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? இதற்கும் கை உயரவில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். நம்முடைய தாத்தா பாட்டி காலத்துச் சட்டம், பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. 2022இல் வந்த திருத்தத்தில் ஆகக்கூடிய நட்டஈடு 5,50,000 ரூபாவிலிருந்து 20,00,000 ரூபாவாக உயர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நடக்கிற விபத்தும் அதில் சேர்க்கப்பட்டது. பெரட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் வழுக்கி விழுந்தவருக்கும் இனிக் கேட்க இடம் உண்டு.

இந்தச் சட்டத்தின் சாரம் இதுதான். வேலையின் காரணமாக, வேலை செய்துகொண்டிருக்கும்போது விபத்து நடந்து காயம் ஏற்பட்டால் வேலை கொடுத்தவர் நட்டஈடு தரவேண்டும். துரையின் பிழை, கங்காணியின் பிழை என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் “குளவி கொட்டுவது இயற்கை, தோட்டம் என்ன செய்யும்?” என்ற பேச்சைக் கேட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அந்த மலைக்கு அந்த அம்மா உலாவவா போனார்? பெரட்டில் மலை பிரித்துக் கொடுத்தார்கள், கொழுந்து எடுக்கப் போனார், கூடு கலைந்தது. அது வேலையால் வந்த ஆபத்து என்பது நம் வாதம். அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கே உண்டு. தோட்ட ஒபீசில் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது, பிறர் காணியில் படுகிற அடி. இப்போது நம் ஆட்கள் தோட்டத்தில் மட்டும் வேலை செய்வதில்லை. பேர் இல்லாத நாளில் மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறார்கள், நாட்டுப்பக்கம் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார்கள், கொந்தராத்துக்காரருக்குக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். அங்கே கத்தி பட்டால் யாரைக் கேட்பது?

கம்பனி தன் வழமையான தொழிலைக் கொந்தராத்துக்குக் கொடுத்து, கம்பனியின் பொறுப்பில் உள்ள காணியில் விபத்து நடந்தால், நாம் கம்பனியிடமே கேட்கலாம். கொடுத்த பணத்தைக் கொந்தராத்துக்காரரிடம் அறவிடுவது கம்பனியின் பாடு. மரக்கறித் தோட்ட முதலாளியும் தன் வியாபாரத்துக்காகத்தான் உங்களை வைத்திருக்கிறார். ஒரு நாள் ஆள் என்பதற்காக அவர் தப்ப முடியாது. வியாபாரத்துக்கு அல்லாமல், ஒருவர் வீட்டில் எப்போதாவது ஒரு நாள் மரம் வெட்டப் போனதுபோன்ற வேலை இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கும். அதற்கு வேறு வழி உண்டு, பிறகு சொல்கிறேன்.

மலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு “இனி நீங்கள் தொழிலாளி இல்லை” என்று சொல்கிற தோட்டங்களும் இருக்கின்றன. அங்கே உள்ளவர்கள் ஒப்பந்தத்தின் பிரதி, கொழுந்து நிறுவைத் துண்டு, பணம் தந்த துண்டு எல்லாவற்றையும் கவனமாக வைத்திருங்கள். உண்மையில் வேலை வாங்குவது யார், காசு கொடுப்பது யார் என்பதை அந்தத் துண்டுகள்தான் சொல்லும்.

மூன்றாவது, வேலையே செய்யாத நேரத்தில் படுகிற அடி. லயத்தின் கூரை இடிந்து பிள்ளையின் தலையில் விழுகிறது. மூடாத குழியில் பெரியவர் விழுகிறார். இதற்கு நட்டஈட்டு ஆணையாளரிடம் போக முடியாது. காணியைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் கவனயீனத்தைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும். இங்கே பிழையை நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே கூரை ஆட்டம் கண்டிருக்கிறது என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்த முறைப்பாடு பொன் போன்றது. பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்குங்கள். “நீயும் பார்த்து நடந்திருக்கலாமே” என்பார்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நம் பக்கம் கொஞ்சம் பிழை இருந்தால் தொகைதான் குறையும், வழக்கு விழுந்துவிடாது. இந்த வழக்கை இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். வேலை விபத்துக்கு ஆணையாளரிடமும் கேட்டு, அதே காயத்துக்கு நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. எது நல்லது என்று சங்கத்தில் பேசிய பிறகு முடிவெடுங்கள்.

இனி, நாம் எங்கே தோற்கிறோம் என்று பார்ப்போம். பெரும்பாலும் கடதாசியில்தான். என் வகுப்புப் பிள்ளை ஒருவரின் தாய் கொழுந்து மூட்டையோடு கானில் விழுந்து கை முறிந்தார். தோட்ட டிஸ்பென்சரிப் புத்தகத்தில் “கைவலி” என்று மட்டும் பதிந்தார்கள். எங்கே, எப்போது விழுந்தார் என்று ஒரு வரியும் இல்லை. “வீட்டில் விழுந்திருப்பார்” என்று பிறகு சொல்வதற்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

ஆகவே விபத்து நடந்த அன்றே இவற்றைச் செய்யுங்கள்.

ஒன்று, தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். திகதி, நேரம், எத்தனையாம் நம்பர் மலை, என்ன வேலை, பக்கத்தில் நின்றவர்களின் பெயர். பிரதி சங்கத்துக்கு.

இரண்டு, டொக்டரிடம் “வேலை செய்யும்போது நடந்தது” என்று சொல்லி அதைப் பதியச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றையும் எறியாதீர்கள்.

மூன்று, அன்றைக்குச் செக்ரோலில் பேர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் இருந்ததற்கு அதுதான் முதல் சாட்சி.

நான்கு, இடத்தைப் போனில் படம் எடுங்கள். பாரதூரமான காயம் என்றால் பொலிசிலும் முறைப்பாடு போடுங்கள்.

ஐந்து, விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் தரச் சொல்லுங்கள். “இனி நட்டஈடு கேட்கமாட்டேன்” என்று எழுதி வாங்கினாலும் அது சட்டத்தின் முன் செல்லாது.

உயிர் போன வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். தோட்டம் பெட்டி கொடுக்கும், சாவுச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கும். அது நட்டஈடு அல்ல. ஈ.பி.எப்., ஈ.டி.எப். பணமும் நட்டஈடு அல்ல. அது அவர் உழைத்த கணக்கு, தனியாக வரவேண்டியது. மரணத்துக்கான நட்டஈட்டைக் குடும்பத்தின் கையில் கொஞ்சம் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது. ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். அவர்தான் மனைவிக்கோ கணவனுக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ பிரித்துக் கொடுப்பார்.

கடைசியாக ஒரு வீட்டுவேலை. வாத்தியார் வந்தால் வீட்டுவேலை இல்லாமல் போகமாட்டார்! ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்குங்கள். சின்ன வெட்டுக்காயம் முதல் குளவிக்கொட்டு வரை அன்றன்றே அதில் பதியுங்கள். எழுத வராவிட்டால் ஓ.எல். படிக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள், அழகாக எழுதித் தருவார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். அதிலிருந்து முதல் விண்ணப்பத்தை நாம் எல்லோரும் சேர்ந்து எழுதுவோம்.