பொதுத்தீர்வைக்குப் போகும் வழியில்



வத்திக்கான் அருங்காட்சியகத்திற்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சிஸ்டைன் சிற்றாலயத்தைத் தேடித்தான் வருகிறார்கள். மைக்கேலாஞ்சலோ வரைந்த விதானத்தையும், பீடத்துக்குப் பின்னால் உள்ள பொதுத்தீர்வைக் காட்சியையும் கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என்ற ஆவலில் விறுவிறுவென நடக்கிறார்கள். அங்கே போகும் வழியில், முன்பு திருத்தந்தை ஆறாம் அலெக்சாந்தர் வாழ்ந்த போர்ஜியா அறைகளில் தொடங்கி, நம் காலத்து ஓவியங்களும் சிற்பங்களும் வைக்கப்பட்ட கூடங்கள் வரிசையாக உள்ளன. கூட்டம் அவற்றின் முன் நிற்பதில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

உரோமையில் படிக்கவும் பணியாற்றவும் வந்திருக்கும் தமிழ்க் குருக்களும் அருள்சகோதரிகளுமாக நாங்கள் சிலர், அண்மையில் ஒரு நாள் அந்தக் கூடங்களைப் பார்ப்பதற்கென்றே சென்றோம். அங்கே எங்கள் உள்ளத்தைத் தொட்ட மூன்று படைப்புகளைப் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இக்கூடங்கள் உருவாகக் காரணமானவர் திருத்தந்தை புனித ஆறாம் பவுல். 1964 மே 7 அன்று அவர் கலைஞர்களைச் சிஸ்டைன் சிற்றாலயத்திற்கு அழைத்துப் பேசினார். திருச்சபைக்கும் கலைஞர்களுக்கும் இடையே நட்பு விட்டுப்போனதை நினைத்து வருந்தினார். அவர்கள்மேல் பெரும் பாரத்தை ஏற்றியதற்காக அவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். அந்த நட்பைப் புதுப்பிக்கும் முயற்சியின் கனியாக, 1973 ஜூன் 23 அன்று இந்தப் புதிய கலைத்தொகுப்பைத் திறந்து வைத்தார்.

எங்களை முதலில் தடுத்து நிறுத்தியது பிரான்சிஸ் பேக்கன் 1961இல் வரைந்த ஒரு திருத்தந்தையின் படம். திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட்டை வெலாஸ்குவெஸ் என்ற ஓவியர் 1650இல் கம்பீரமாக வரைந்திருந்தார். அந்தப் படத்தை மனத்தில் வைத்தே பேக்கன் இதை வரைந்தார். ஆனால் இதில் கம்பீரம் இல்லை. அரியணையில் இருப்பவரின் முகம் குலைந்து கிடக்கிறது. “இதைப் போய் இங்கே ஏன் மாட்டி வைத்திருக்கிறார்கள்?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பேக்கன் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பக்தியை வளர்க்க அவர் இதை வரையவில்லை.

ஆனால் அதே இடத்தில் நின்று யோசித்தபோது வேறொன்று புலப்பட்டது. திருத்தந்தையின் இல்லத்திலேயே, ஒரு திருத்தந்தை கலங்கியவராகக் காட்டப்படும் படத்திற்கு இடம் கிடைத்திருக்கிறது. பதவியும் அங்கியும் மனிதரின் வேதனையை மறைத்துவிடுவதில்லை. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. ஆண்டவர் இயேசுவே கெத்சமனியில் தம் கலக்கத்தைச் சீடரிடம் மறைக்கவில்லையே!

இரண்டாவது படம் மிகச் சிறியது. அரை மீட்டர் உயரம்கூட இராது. வின்சென்ட் வான் கோ வரைந்த வியாகுல அன்னை. தூய பேதுரு பேராலயத்தில் மைக்கேலாஞ்சலோ வடித்த அன்னையை நாம் அறிவோம். அங்கே மகன் தாயின் மடியில் கிடக்கிறார். தாயின் முகத்தில் அமைதி இருக்கிறது. இங்கே குகை வாயிலில் மகனின் உடல் சரிந்து கிடக்கிறது. நீல உடை அணிந்த தாய் அவர்மேல் சாய்ந்தபடி, இரு கைகளையும் நம்மை நோக்கி விரிக்கிறார். “பாருங்கள், என் பிள்ளையை என்ன செய்துவிட்டார்கள்!” என்று கேட்பதுபோல் இருந்தது எங்களுக்கு. “இவை ராணியின் கைகள் அல்ல, களையெடுக்கிற நம் ஊர் அம்மாக்களின் கைகள்” என்றார் எங்களோடு வந்த அருள்சகோதரி ஒருவர்.

வான் கோ ஒரு சீர்திருத்த சபைப் போதகரின் மகன். இளமையில் பெல்ஜியம் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே நற்செய்தி அறிவிக்கப் போனார். தமக்கிருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அவர்களைப் போலவே வாழ்ந்தார். ஆனாலும் அந்தப் பணி அவருக்குத் தொடர்ந்து வழங்கப்படவில்லை. பின்னர் ஓவியரானார். 1889 மே மாதம், தென் பிரான்சில் சாங்-ரெமி என்ற ஊரின் மனநல விடுதியில் தாமாகவே போய்ச் சேர்ந்தார். அங்கே அவரிடம் தெலாக்ருவா என்ற ஓவியர் வரைந்த வியாகுல அன்னையின் கறுப்பு வெள்ளை அச்சுப்படம் ஒன்று இருந்தது. அதில் எண்ணெயும் வண்ணமும் கொட்டிப் பாழாகிவிட்டது. அந்த வருத்தத்தில் அதையே தம் வண்ணங்களில் வரையத் தொடங்கினார். பெரிய படம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. சிறியது வத்திக்கானில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு ஜூலையில், 37ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் இறந்த ஊரின் கத்தோலிக்கக் குரு, தற்கொலை என்பதால் கோயிலின் பிரேத வண்டியைத் தர மறுத்துவிட்டார். பக்கத்து ஊரிலிருந்துதான் வண்டி வந்தது.

அன்பர்களே, கோயில் வண்டி மறுக்கப்பட்ட அந்த மனிதரின் கைவண்ணம் இன்று திருத்தந்தையின் இல்லத்தில் இருக்கிறது. இந்த நினைவோடு அப்படத்தின் முன் நின்றபோது எங்களில் யாருக்கும் பேச்சு எழவில்லை.

மூன்றாவது கூடத்தில் ஒளி நிறைந்திருக்கிறது. ஆன்றி மத்தீஸ் என்ற ஓவியர், பிரான்சின் வாங்ஸ் நகரில் தொமினிக்கன் அருள்சகோதரிகளின் சிற்றாலயத்திற்காகச் செய்த கண்ணாடிச் சன்னல்களின் முழு அளவு மாதிரிகள் அங்கே உள்ளன. மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய நிறங்களில் வாழ்வின் மரம். அந்த மரம் எது தெரியுமா? கள்ளிச்செடி! வறண்ட நிலத்தில் தாக்குப்பிடித்துப் பூக்கும் கள்ளி. நம் ஊர்ப் பொட்டல் காட்டை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

1941இல் புற்றுநோய்க்காக மத்தீஸுக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு ஓர் இளம்பெண் செவிலியராக வந்து அவரைக் கவனித்துக்கொண்டார். பின்னர் அப்பெண் தொமினிக்கன் சபையில் சேர்ந்து, ஜாக்-மரி என்ற அருள்சகோதரியானார். சகோதரிகளுக்கு ஒரு சிற்றாலயம் தேவைப்பட்டபோது மத்தீஸ் தாமே முன்வந்து உதவினார். நெடுநேரம் நிற்க முடியாத உடல்நிலையிலும், வண்ணத் தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டியே சன்னல்களை வடிவமைத்தார். 1951 ஜூன் மாதம் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டபோது அவருக்கு வயது 81. ஒரு நோயாளியின் படுக்கை அருகில் ஒரு பெண் பொறுமையோடு உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து ஓர் ஆலயமே எழுந்தது.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில், எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவரை மூன்று பேர் பார்க்கிறார்கள். பார்த்ததில் வேறுபாடு இல்லை. குருவும் லேவியரும் விலகிப் போனார்கள்; சமாரியர் நின்றார். நம் குடும்பங்களிலும் இப்படி வழியில் கிடப்பவர்கள் உண்டு. விருந்தினர் வந்தால் பின்னறைக்கு அனுப்பப்படும் அண்ணன். “பேய் பிடித்திருக்கிறது” என்று ஊர் ஊராக அழைத்துச் செல்லப்படும் தங்கை. மகனைத் தற்கொலையில் இழந்து, யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கோயிலின் கடைசி வரிசையில் உட்காரும் தாய்.

அந்தத் தாய்க்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். கடுமையான மனவேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், தம் உயிரை மாய்த்துக்கொண்டவரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் நம் மறைக்கல்வி நூல் 2282, 2283ஆம் எண்களில் கற்பிக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அடக்கத் திருச்சடங்கு மறுக்கப்படுவோர் வரிசையில் அவர்களைச் சேர்க்கவில்லை. அம்மா, உங்கள் மகனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் தயங்காதீர்கள். உங்களைப் போலவே மகனை இழந்து கைவிரித்து நின்ற அன்னை உங்கள் பக்கத்தில் நிற்கிறார்.

மனநோய்க்கு மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. செபமும் மருந்தும் சேர்ந்தே போகலாம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது வாழ்வே பாரமாகத் தோன்றினால், இன்றே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் பங்குத்தந்தையின் கதவைத் தட்டுங்கள்.

சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு விரைகிறவர்கள் பொதுத்தீர்வையின் ஓவியத்தைப் பார்க்கப் போகிறார்கள். உண்மையான பொதுத்தீர்வை நாளில் ஆண்டவர் எதைக் கேட்பார் என்று மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரம் சொல்கிறது. பசித்தவர், நோயுற்றவர், அன்னியர், சிறையிலிருந்தவர் என, வழியில் நாம் கண்டவர்களைப் பற்றியே அங்கே கேள்வி எழும். ஆகவே இந்த வாரம் அப்படி ஒருவர் வீட்டுக்குப் போவோம். அறிவுரை வேண்டாம். கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்தாலே போதும்.

வியாகுல அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.